சார்ட் அச்சில் கமா எங்கே விழும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில், எக்செல் ஃபைல் எழுதும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் நூலகத்தைக் கொண்டு மாத விற்பனை சார்ட் தயாரித்து அனுப்புகிறேன். என் கணினியில் செங்குத்து அச்சில் 12,50,000 என்று ஒழுங்காக வருகிறது. அதே ஃபைலைச் சிங்கப்பூர் அலுவலகத்தில் திறந்தால் 1,250,000. ஃபார்மேட்டை #,##,##0 என்று மாற்றியும் அசையவில்லை.

பதில்: அசையாது. எக்செல் ஃபார்மேட்டில் இலக்கங்களுக்கு நடுவே வரும் கமாவுக்கு, “கமா போட்டுப் பிரி” என்பது மட்டுமே பொருள். எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை என்பதை, ஃபைலைத் திறக்கும் கணினியின் விண்டோஸ் ரீஜன் செட்டிங் முடிவு செய்கிறது. உங்கள் கணினி இந்தியாவுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது, அவர்களுடையது இல்லை. கமாவை எங்கே நகர்த்தினாலும் பலன் ஒன்றுதான்.

கமாவை வெறும் எழுத்தாகக் காட்ட வேண்டுமென்றால் அதன் முன்னால் பேக்ஸ்லாஷ் (\) போட வேண்டும். பலரும் பயன்படுத்தும் வடிவம் இது:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கோடிக்கு ஒரு பகுதி, லட்சத்துக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. இதை அப்படியே அச்சின் நம்பர் ஃபார்மேட்டில் கொடுங்கள். பைத்தானில் தொடக்க மேற்கோள் குறிக்கு முன் ‘ஆர்’ (r) என்ற எழுத்தைச் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டாலும் ஓடும், 3.12 முதல் எச்சரிக்கை வரும். ஜாவாஸ்கிரிப்ட்டில்தான் ஆபத்து: அங்கே ஒற்றை பேக்ஸ்லாஷ் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும், பழைய கதையே திரும்பும். இரட்டையாக எழுத வேண்டும்.

ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் எக்செல் ஏற்காது. அதனால் நஷ்டக் கணக்கில் –12,50,000 வந்தால் அது மூன்றாம் பகுதியில் விழுந்து, சிங்கப்பூரில் –1,250,000 ஆகத்தான் தெரியும். சார்ட்டில் நஷ்டமும் வரும் என்றால் இந்த வித்தையை விட்டுவிடுங்கள். அச்சுக்கு ‘டிஸ்ப்ளே யூனிட்ஸ்’ என்ற அமைப்பு உண்டு. அதில் ‘ஹண்ட்ரட் தவுசண்ட்ஸ்’ என்பது லட்சம், ‘டென் மில்லியன்ஸ்’ என்பது கோடி. லட்சத்தைத் தேர்ந்து, ஃபார்மேட்டை 0.0 ஆக்கினால் அச்சில் 12.5, –12.5 என்று வரும். பிரிக்கும் கமாவே இல்லை, அதனால் ஊருக்கு ஊர் அது இடம் மாறும் சிக்கலும் இல்லை. எக்செல் பக்கத்தில் தானாக ஒட்டும் ஆங்கிலக் குறிப்பை ‘டிஸ்ப்ளே யூனிட்ஸ் விசிபிள்’ ஃபால்ஸ் என்று மறைத்துவிட்டு, அச்சின் தலைப்பில் “லட்சம் ரூபாயில்” என்று நீங்களே எழுதுங்கள். அச்சில் ஏழு இலக்க எண்களை அடுக்குவதைவிட இதுதான் படிக்கவும் எளிது.

கேள்வி: லட்சத்துக்கு மாற்றினேன். அச்சில் 0, 1, 1, 2, 2, 3, 3 என்று ஒரே எண் இரண்டு முறை வருகிறது.

பதில்: கோடுகள் 0.5 இடைவெளியில் விழுகின்றன, ஃபார்மேட் 0 என்று இருக்கிறது. 0.5 என்பது 1 ஆகவும், 1.5 என்பது 2 ஆகவும் முழுமையாக்கப்படுகின்றன. ஃபார்மேட்டை 0.0 ஆக்குங்கள், அல்லது கோடுகளின் இடைவெளியைக் குறிக்கும் ‘மேஜர் யூனிட்’டை முழு லட்சமாக, அதாவது 100000 என்று, வையுங்கள். இங்கே 1 என்று கொடுத்துவிடாதீர்கள். மேஜர் யூனிட் மூல மதிப்பில்தான், அதாவது லட்சத்தில் அல்லாமல் ரூபாயில்தான், கணக்கிடப்படும். ஆண்டுகள் வரும் ஸ்கேட்டர் (புள்ளி) சார்ட்டிலும் இதே கோளாறு வரும்: 2018, 2019, 2019, 2020. அங்கே மேஜர் யூனிட் 1தான் சரி.

கேள்வி: ஃபார்மேட் கொடுத்தும் அச்சு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எங்கே தேடுவது?

பதில்: ஃபைலின் நகலை எடுத்து, பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே ‘சார்ட்ஸ்’ ஃபோல்டரில் சார்ட்1 இருக்கும். அதில் ‘வால்ஆக்ஸ்’ என்று தொடங்கும் பகுதியில் உள்ள ‘நம்எஃப்எம்டி’ வரியைப் பாருங்கள் (டேட்டா லேபிளுக்கும் இதே பெயரில் வரி இருக்கலாம், குழம்ப வேண்டாம்). ‘சோர்ஸ்லிங்க்டு’ 1 என்றிருந்தால் அச்சு உங்கள் ஃபார்மேட்டை விட்டுவிட்டு டேட்டா செல்லின் ஃபார்மேட்டைப் பின்பற்றும். 0 ஆக வேண்டும். அது சரியாக இருந்தும் சார்ட்டின் விற்பனைக் கோடுகள் எல்லாம் பூஜ்யத்தில் படுத்திருந்தால், செல்களில் இருப்பது எண் அல்ல, எழுத்து. “1,25,000” என்று சரமாக (ஸ்ட்ரிங்) எழுதிவிட்டீர்கள். எண்ணாக எழுதி, கமாவை ஃபார்மேட்டிடம் விடுங்கள்.

எக்செல் ஃபைலுக்கான இன்னொரு பைத்தான் நூலகமான ஓப்பன்பைஎக்ஸ்எல் 3.1க்கு மாறியதும் அச்சு எண்களே மறைந்துவிட்டதாகவும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு அச்சுகளுக்கும் ‘டெலீட்’ பண்பை ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதினால் திரும்பி வரும்.

கேள்வி: பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரைந்த சார்ட்டின் மேல் மூலையில் ‘1இ6’ (1e6) என்று ஒட்டிக்கொள்கிறது.

பதில்: 1e6 என்றால் பத்து லட்சம். அச்சு மதிப்பு அதை எட்டியதும் மேட்பிளாட்லிப் இந்த அடுக்குக்குறிக்குத் தாவும். ‘டிக்லேபிள் ஃபார்மேட்’டில் ஸ்டைலை ‘ப்ளெய்ன்’ என்றும், ‘யூஸ்ஆஃப்செட்’டை ஃபால்ஸ் என்றும் கொடுங்கள். பிந்தையது, மூலையில் கூட்டல் குறியுடன் வரும் எண்ணையும் நீக்கும். லட்சக் கமா வேண்டுமென்றால், எண்ணை எப்படிக் காட்டுவது என்பதை உங்கள் ஃபங்ஷனிடம் விடும் ‘ஃபங்க்ஃபார்மேட்டர்’ எழுதுங்கள்; அந்த ஃபங்ஷன் மதிப்பு, அச்சில் அதன் இடம் என இரண்டு உள்ளீடுகளை ஏற்க வேண்டும். லாக் (மடக்கை) அளவுகோலையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அதை முதலில் அமையுங்கள். பிறகு அமைத்தால் நீங்கள் கொடுத்த ஃபார்மேட்டரை அது தூக்கி எறிந்துவிடும்.