நம்பகமான பைக் மெக்கானிக் ஒருவர் கிடைப்பது அவ்வளவு பெரிய விஷயமா? கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போனால் போதாதா?

வாரண்டி இருக்கிற வரைக்கும் கம்பெனிக்கே போங்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஃப்ரீ சர்வீஸ் எல்லாம் முடிந்த பிறகுதான் இந்தக் கேள்வியே வருகிறது.

என்னுடையது பழைய நூறு சிசி கார்புரேட்டர் பைக். போன வருடம் இன்ஜினில் டக் டக்கென்று ஒரு சத்தம். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு எழுதிய பையன், வண்டியை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்காமல், "இன்ஜின் இறக்கணும் சார், ஏழு எட்டாயிரம் ஆகும்" என்றான். வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கள் தெருமுனை மெக்கானிக் பாய் கடைக்கு வந்தேன். அவர் நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜின் ஹெட்டில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கொஞ்ச நேரம் கேட்டார். "டேப்பட்தான் தம்பி. இப்ப சூடா இருக்கு, ஆறினாத்தான் வைக்க முடியும். விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க." அவ்வளவுதான். டேப்பட் வைப்பது என்றால் வால்வுக்கு மேலே இருக்கிற சின்ன இடைவெளியைச் சரிசெய்வது. அது மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும், ஓட ஓட அது கூடிவிட்டால் தட்டும். 150 ரூபாயோடு சத்தம் போயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த சர்வீஸ் சென்டரிலேயே விட்டிருந்தாலும் சத்தம் போயிருக்கும். இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது டேப்பட்டையும் சேர்த்துத்தானே வைப்பார்கள்? நானும் எட்டாயிரம் கட்டிவிட்டு, நல்ல வேலை என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். ரிப்பேர் தொழிலில் ஏமாற்றுவது சுலபமாக இருப்பதற்கு இதுதான் காரணம்: வேலை சரியாக முடிந்த பிறகும் அந்த வேலை தேவைதானா என்பது நமக்குத் தெரியப்போவதில்லை.

நான் இருப்பது சென்னையில் வேளச்சேரி பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் பாதி வண்டிகள் முங்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் பாய் வீடு வீடாக நின்று சொன்னது ஒன்றுதான், "யாரும் செல்ஃப் அடிக்காதீங்க." சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அப்புறம் உண்மையாகவே இன்ஜின் வேலைதான். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, பால் கலந்த காபி மாதிரி ஆகியிருந்த ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு அதையும் வடித்தார். பேசாமல் இருந்திருந்தால் அந்த மாதம் அவருக்கு நல்ல வசூல்.

எதற்கும் செலவு வேண்டாம் என்கிற ஆளும் இல்லை. பிரேக் ஷூ தேய்ந்திருந்தால் மாற்றாமல் சாவியைத் தர மாட்டார். பக்கத்து வீட்டு பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) ஸ்கூட்டரில் இன்ஜின் லைட் எரிந்தபோது, "இது ஸ்கேனர்ல பாக்கணும், என்கிட்ட இல்ல, கம்பெனிக்கே கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பினார். 2020-க்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டதால் இவரைப் போன்றவர்களுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது என்பது தனிக் கவலை.

நம் ஆட்களிடமும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கம்பெனி பில்லில் ஜிஎஸ்டியோடு என்ன போட்டாலும் வாயைத் திறக்காமல் கார்டைத் தேய்ப்போம், இவரிடம் மட்டும் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவோம். "ஒண்ணும் இல்ல, ஓட்டுங்க" என்று ஒரு மெக்கானிக் சொல்லும்போது அவருக்கு ஒரு பைசா வருவதில்லை. அப்படிச் சொல்கிற அன்றும் நான் கையில் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் வருவேன், அவர் வேண்டாம் என்பார், அது வேறு.

புதிதாகக் குடிபோன ஏரியாவில் ஆளைத் தேடுகிறீர்கள் என்றால் கூகுளில் ஸ்டாரை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பேப்பர் போடுகிறவர், உணவு டெலிவரி பையன்கள், இவர்களிடம் வண்டியை எங்கே விடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வரும்படி போச்சு என்பதால் நாலு கடை பார்த்துத்தான் ஒரு கடையில் நின்றிருப்பார்கள். முதலில் ஆயில் மாற்றுவது போல ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். ஏதாவது பார்ட் மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள், நல்ல கடையில் கேட்பதற்கு முன்னாலேயே பழைய துணியில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.