வேனுக்குள் இரைச்சல்

கேள்வி: பழைய வேனில் படுக்கை, அடுப்பு வசதிகள் அமைத்தோம், செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும்போது பேச்சே கேட்காத அளவுக்கு இரைகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், புளியரை

பதில்: சாலையின் மேற்பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் டயரே காரணம், வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது முனகல் கூடினாலோ குறைந்தாலோ சக்கர பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், மலைச்சாலையில் ஓடும் வண்டியில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இவை சீரானபின், பின்சக்கர வளைவுகளின் உட்புறத் தகட்டில் பியூட்டைல் ரப்பர் தாளை ஒட்டுங்கள். அது தகட்டின் அதிர்வை அடக்குவது என்பதால் பரப்பில் கால் பங்கை மூடினாலே பெரும்பயன் கிடைக்கும். முழுவதும் மூடச் சொல்வது பெரும்பாலும் விற்பவரின் ஆசை. காற்றில் வரும் டயர் ஓசையைத் தடுக்க, அதன்மேல் ஈரம் உறிஞ்சாத நுரைத்தாளும் அதற்கும் மேலே கனமான வினைல் விரிப்பும் வேண்டும், ஏனெனில் உங்கள் வழியிலுள்ள ஆரியங்காவு மலைப்பகுதியின் மழையில் சாதாரணப் பஞ்சு நனைந்து தகட்டைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். கதவு ரப்பரையும் பாருங்கள்.