எம்.எல்.ஏ.க்களுக்குப் புரிந்தால் போதுமா?

கேள்வி: தேர்தல் முறையை மாற்றலாமா என்பதைச் சாதாரணக் குடிமக்களே கூடிப் பேசி முடிவுசெய்யட்டும் என்கிறார்கள் சிலர். விகிதாசாரம், மாற்று வாக்கு என்பதெல்லாம் அவர்களுக்கு என்ன புரியும்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2004-ல் ‘குடிமக்கள் மன்றம்’ என்று ஒன்றை அமைத்து இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலை வைத்து, விருப்பம் தெரிவித்தவர்களிடையே குலுக்கல். தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண். 79 தொகுதிகளுக்கு 158 பேர். பூர்வகுடிகளில் ஒருவர்கூட வரவில்லையே என்று அவர்களில் இருவரையும் சேர்த்தார்கள். பதவியில் இருக்கும் அரசியல்வாதி யாருக்கும் இடமில்லை (நிம்மதி!). வார இறுதிகளில் வான்கூவரில் கூடி, எந்த நாட்டில் ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது என்று பாடம் படித்தார்கள். அப்புறம் மாகாணம் முழுக்க 50 கூட்டங்களில் மக்கள் சொன்னதைக் கேட்டார்கள். விவாதம் அதற்குப் பிறகுதான். வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் மாற்று வாக்கு முறையைப் பரிந்துரைக்கலாம் என்றவர்கள் 146 பேர். கூடாது என்றவர்கள் 7 பேர்.

நம் மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் போடுவதும் இந்த வகை ஓட்டுதான். அவர்களுக்குப் புரிவது உங்களுக்கும் எனக்கும் புரியாதா?

சரி, அந்தப் பரிந்துரை என்ன ஆயிற்று? 2005 மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 57.7 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 79 தொகுதிகளில் 77-ல் ஆதரவுக்கே பெரும்பான்மை. ஆனாலும் தோல்வி! 60 சதவீதம் வேண்டும் என்று அரசு முன்பே நிபந்தனை போட்டிருந்தது. மாகாண முதல்வர் கார்டன் கேம்பலின் அதே அரசு 2001-ல் ஆட்சிக்கு வந்தது எத்தனை சதவீத ஓட்டில் தெரியுமா? 57.6. கிடைத்த இடங்கள், 79-ல் 77. ஆட்சியைப் பிடிக்கத் தாராளமாகப் போதுமான ஓட்டு, ஆட்சியைப் பிடிக்கும் முறையை மாற்றப் போதவில்லை.

கேம்பலை மட்டும் திட்டவும் முடியாது. 1996-ல் அவருடைய கட்சிதான் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றது. அந்தக் காயத்தில் பிறந்ததே இந்தக் குடிமக்கள் மன்றம். அமைத்தவரும் அவர்தான்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். 160 பேர் மாதக்கணக்கில் படித்துப் புரிந்துகொண்டதை, மீதி மக்கள் தேர்தல் பரபரப்புக்கு நடுவே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதே பரிந்துரை 2009-ல் மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தபோது மன்றம் கலைந்து பல வருடமாகியிருந்தது. ஆதரவு 39 சதவீதம்தான்.