பொறியியல் முடித்தவர் சட்டமும் படிப்பது எதற்காக?

பொறியியல் பட்டம் பெற்றவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பையும் முடித்து, இரண்டையும் ஒரே தொழிலில் பயன்படுத்துவதே இதன் பொருள். சொத்து வழக்கு, குடும்ப வழக்கு போன்றவற்றில் இதனால் பெரிய ஆதாயம் இல்லை, புதிய கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனியுரிமையான காப்புரிமையில் உண்டு.

20 ஆண்டுகளுக்கான அந்த உரிமை கருவிக்குக் கிடைப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அது விண்ணப்பத்தில் எழுதிய சொற்களின் எல்லைக்குள்தான் நிற்கிறது என்பதே காரணம்.

காரைக்குடியில் வீட்டுப் பத்திரம் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் செட்டிநாட்டு வீட்டினுள் நடந்து பாராதவர், நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் பின்பக்கத்தை ‘அடுத்தவர் மனை’ என்று எழுதிவிடக்கூடும்; அதே வீட்டைக் கரைத்துக் குடித்த கொத்தனாருக்கோ, வழக்கு வந்தால் நிற்கும்படி எழுத வராது. விண்ணப்பத்தில் உரிமையின் எல்லையை வரையறுக்கும் பகுதியான காப்புரிமைக் கோரிக்கையும் அப்படித்தான். ‘இரும்புத் திருகாணி’ என்று எழுதினால், போட்டியாளர் பித்தளையில் செய்து தப்பப் பார்ப்பார். வெறுமனே ‘இணைப்பான்’ என்று அகலப்படுத்தினால், பழைய கருவி ஒன்றைக் காட்டியே புதுமை இல்லை என்று மறுத்துவிடலாம்.

பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பத்தை எழுதித் தாக்கல் செய்யும் காப்புரிமை முகவராவதற்கே சட்டப் பட்டம் வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, 21 வயது நிறைந்த இந்தியக் குடிமகனுக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் உரிய தேர்வில் தேர்ச்சியும் இருந்தால் போதும், நீதிமன்றத்தில் வழக்கறிஞராக வாதாடுவதற்குத்தான் சட்டப் பட்டம் தேவைப்படுகிறது.