ஆபரேஷனுக்கு 28,000 ஆகுமாம், கையில் 9,000தான் இருக்கிறது: ஜூலியைக் காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், கணவர் டெய்லர். அமெரிக்கா வரியை ஏற்றியதிலிருந்து ஆர்டர் குறைந்து வாரத்தில் நான்கு நாள் ஷிப்ட்தான் கிடைக்கிறது. எங்கள் வீட்டு நாட்டு நாய் ஜூலிக்கு 7 வயது, 18 கிலோ. ஒரு மாதத்துக்கு முன் ஹீட் (இணை சேரும் பருவம்) வந்து போனது. நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறது, வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போகிறது, பின்பக்கம் பழுப்பாகக் கெட்ட நாற்றத்துடன் வடிகிறது. தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்து கர்ப்பப்பையில் சீழ், உடனே ஆபரேஷன் என்றார்கள். எல்லாம் சேர்த்து 28,000. எங்களிடம் இருப்பது 9,000. மருந்திலேயே சரி செய்ய முடியாதா? வீட்டில் 5 மாதப் பெண் குட்டி ஒன்றும் இருக்கிறது.

பதில்: சகோதரி, முதலில் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மருந்திலேயே ஓட்டிவிடலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆன்டிபயாடிக் போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கும், ஒரு வாய் சாப்பிடும், நீங்களும் தப்பித்தோம் என்று நினைப்பீர்கள். உள்ளே சீழ் அப்படியே இருக்கும். கருப்பையைச் சுருங்க வைத்துச் சீழை வெளியேற்றும் ஊசி முறை ஒன்று இருக்கிறது, அது இனப்பெருக்கத்துக்காக நாய் வளர்ப்பவர்களுக்கானது. அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும், செலவும் குறையாது, அடுத்த ஹீட்டில் திரும்ப வரவும் கூடும். 7 வயது ஜூலிக்கு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவதுதான் வைத்தியம், அதைச் சரியான நேரத்தில் செய்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்து, பழையபடி ஓடியாடுகின்றன. ஆகவே கிளினிக்கில் சொன்னது உங்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் பேச்சில்லை. நோய் அப்படிப்பட்டது.

ஏன் வருகிறது என்று தெரிந்தால் அவசரமும் புரியும். ஹீட் முடிந்ததும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் நாயின் உடம்பில் ஓங்கி நிற்கும். அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும், வாயை மூடும், அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். ஹீட்டின்போது உள்ளே புகுந்த கிருமி, பெரும்பாலும் குடலில் இருக்கும் ஈ.கோலைதான், அங்கே வசதியாகப் பெருகிவிடும். பென்சில் பருமனில் இருக்க வேண்டிய கருப்பை மணிக்கட்டுப் பருமனுக்குச் சீழ் கோத்துக்கொள்ளும். அந்தக் கிருமியின் விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவதால் சிறுநீரைக் கெட்டிப்படுத்த முடியாமல் தண்ணீராகவே வெளியேறுகிறது, அதை ஈடுகட்டத்தான் ஜூலி குடம் குடமாகக் குடிக்கிறது. வீட்டை நனைக்கிறதே என்று தயவுசெய்து தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சிறுநீரகம் இன்னும் சீக்கிரம் கெடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வடிந்துகொண்டிருந்த சீழ் திடீரென்று நின்று, நாய் முன்பைவிடச் சோர்ந்து, வயிறு உப்பினால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், கருப்பையின் வாய் மூடிக்கொண்டது என்று அர்த்தம். அது கிழிந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். அந்த நிலையில் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்ப வேண்டும். ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும் என்பதால், கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தையும் பாருங்கள். சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்திருந்தால் தாமதிக்கவே கூடாது.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம்.

அந்த 28,000 என்பது பல செலவுகளின் கூட்டுத்தொகை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மயக்க மருந்து, ஆபரேஷன், இரண்டு மூன்று நாள் தங்கல், குளுக்கோஸ், ஊசி, பிறகு மாத்திரை என்று எல்லாம் அதில் இருக்கும். அதை டாக்டர் உங்களுக்குத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். நம் ஆட்கள் டாக்டரிடம் காசு பேசக் கூச்சப்படுவார்கள். மொத்தத் தொகையைக் கேட்டதும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்" என்று எழுந்து போய், நான்கு நாள் கழித்து நாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது சிறுநீரகம் போயிருக்கும், செலவும் ஏறியிருக்கும். இது என்னை ஒவ்வொரு முறையும் வேதனைப்படுத்துகிறது, ஏனென்றால் முதல் நாளே உள்ளதைச் சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் வழி கண்டுபிடித்திருக்கலாம்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அதே டாக்டரிடமோ வேறு டாக்டரிடமோ போய் இப்படிக் கேட்பது: "டாக்டர், என்னிடம் இன்றைக்கு 9,000 இருக்கிறது. சனிக்கிழமை சம்பளத்தில் கொஞ்சம் தர முடியும். இந்தப் பணத்துக்குள் ஜூலி உயிரைக் காப்பாற்ற எது கட்டாயம், எதை விடலாம்?" இந்தக் கேள்வியைக் கேட்டு எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். உங்கள் எல்லை தெரியாதவரை அவர் முழு வைத்தியத்தைத்தான் சொல்வார், சொல்லியும் ஆக வேண்டும். எல்லை தெரிந்த பிறகுதான் எது முதல், எது பிறகு என்று வரிசைப்படுத்துவார். தவணையாகத் தரலாமா என்றும் கேளுங்கள். வாரச் சம்பளக்காரர்கள் நிறைந்த ஊரில் பலர் சம்மதிப்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் இருவருக்குமே நிம்மதி.

எதைக் குறைக்கலாம்? முடிவு டாக்டருடையது, ஆனால் கேட்பதற்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, அந்த ரிப்போர்ட்டையும் படத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் திரும்ப எடுக்கச் செலவிருக்காது. ரத்தத்தில் பல சோதனைகள் சேர்ந்த பெரிய பேனல் வேண்டாம், ரத்த அணுக்கள், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை என்று அத்தியாவசியமானதை மட்டும் பார்த்தால் போதுமா என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து நன்றாக விழித்து, நிலைமை சீராக இருந்தால், இரண்டு இரவு தங்க வைப்பதற்குப் பதில் வீட்டுக்குக் கூட்டிப் போய் மறுநாள் காலையில் ஊசிக்குக் கொண்டு வரலாமா என்று கேளுங்கள். தங்கல் செலவுதான் பல பில்களில் கனமாக நிற்கும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் இல்லாத பனியனா, பழைய பனியன் ஒன்றை எடுத்து முன்கால்களைக் கை வழியாக நுழைத்து, வால் வெளியே வர அளவாக வெட்டி, முதுகுப் பக்கம் தளர்வாக முடிச்சுப் போட்டால் தையலை நக்காது. நனைந்தால் மாற்றி விடுங்கள், காற்றோட்டமாகவும் இருக்கும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும், அதை வீட்டுக்குப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம்.

குறைக்கவே கூடாதவையும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பு குளுக்கோஸ் ஏற்றி உடம்பைத் தேற்றுவது, வலி மருந்து, ஆன்டிபயாடிக், இந்த மூன்றிலும் கை வைக்கச் சொல்லாதீர்கள். நாய் கத்தவில்லை என்பதற்காக வலி இல்லை என்று ஆகாது.

தனியாரில் எவ்வளவு குறைத்தும் எட்டவில்லை என்றால் அரசு இடங்களுக்குப் போங்கள். மாட்டாஸ்பத்திரி ஆடுமாடுகளுக்கு மட்டும்தான் என்று நகரத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள், நாய் பூனையையும் அங்கே பார்ப்பார்கள். திருப்பூரில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டுங்கள். அங்கே இந்த ஆபரேஷன் செய்ய வசதி இல்லை என்றாலும் குளுக்கோஸ், ஊசி போட்டு, எங்கே போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள். அதற்கு மேல் கோவையில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை. உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி, சற்றுத் தள்ளி நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய பழைய கல்லூரி. (சென்னை வாசகர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி.) கல்லூரி மருத்துவமனையில் மாணவர்கள் சுற்றி நிற்பார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும், கையுறை, தையல் நூல், சில மருந்துகளை வெளியே வாங்கி வரச் சொல்லலாம். ஆனால் கத்தி பிடிப்பவர் அந்தத் துறையில் பாடம் நடத்தும் பேராசிரியராகவோ அவர் மேற்பார்வையில் செய்பவராகவோ இருப்பார், கட்டணமோ தனியாரில் ஆவதில் சிறு பகுதிதான். புறப்படும் முன் போன் செய்து, "கர்ப்பப்பையில் சீழ், ஸ்கேன் இருக்கிறது, இன்று ஆபரேஷன் செய்வீர்களா" என்று கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் பெரும்பாலும் நாயை ஏற்ற மாட்டார்கள், வண்டி வாடகையையும் கணக்கில் வையுங்கள். உடுமலைக்குப் போய் வரும் வாடகை பெரிய தொகையாக வந்தால், அந்தப் பணத்தோடு உள்ளூர் டாக்டரிடம் மறுபடி பேசுவது லாபமாகக்கூட இருக்கலாம். 1962க்குப் போன் செய்தால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் முக்கியமாகக் கிராமத்து ஆடுமாடுகளுக்கானது, அதை நம்பி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

மாத்திரைச் செலவையும் குறைக்கலாம். நாய்க்கு எழுதும் ஆன்டிபயாடிக்குகளில் பல மனிதர்களுக்கானவைதான். பிராண்ட் பெயர் இல்லாமல் மருந்துப் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கேளுங்கள். ஆனால் சீட்டில் இல்லாத எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், குறிப்பாக வலி மாத்திரை. உதாரணத்துக்கு மெலாக்சிகாம் எடுத்துக்கொள்வோம். நாய்க்குத் தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 18 கிலோ ஜூலிக்கு 1.8 மில்லிகிராம். மனிதருக்கான ஒரு மாத்திரையில் 15 மில்லிகிராம் வரை இருக்கும். பாவம் வலிக்குமே என்று ஒரு முழு மாத்திரையைக் கொடுத்தால் எட்டு மடங்கு வரை போகும், அதுவும் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தில். ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டுமே கூடாது. பூனை வைத்திருப்பவர்கள் பாராசிட்டமால் பக்கமே போகக் கூடாது, ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

கடன் ஆப், மீட்டர் வட்டி பக்கம் போகாதீர்கள். நாய் பிழைத்து, குடும்பம் மாட்டிக்கொள்ளும். அதைவிட, டாக்டரிடம் செலவு விவரத்தை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி, ஸ்கேன் படத்தோடு ஊரில் இருக்கும் விலங்கு நலக் குழுக்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள், முடிந்தால் பணத்தை நேராக மருத்துவமனைக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஆதாரம் இருந்தால் உதவுகிறவர்கள் தயங்க மாட்டார்கள்.

எல்லாக் கதவும் மூடி, ஜூலி துடிக்கும் நிலை வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. டாக்டர் கையால் வலியில்லாமல் கண் மூட வைப்பது பாவமல்ல. எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதுதான் கூடாது, 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஜூலி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. தண்ணீர் குடிக்கிறது, சீழ் வெளியே வடிகிறது, இரண்டும் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் தருகின்றன. கொஞ்சம் என்றால் இன்று அல்லது நாளை, அடுத்த சனிக்கிழமை வரை அல்ல.

கடைசியாக அந்த 5 மாதக் குட்டி. ஸ்வீடனில் காப்பீட்டு ஆவணங்களை வைத்துப் பார்த்ததில், கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் இதே நோய் வந்திருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் இளம் நாய்க்குச் செய்யும் கருத்தடைக்கும், சீழ் பிடித்த பிறகு செய்யும் ஆபரேஷனுக்கும் செலவில் பெரிய வித்தியாசம். அதோடு குட்டிக்குப் பார்வோ என்ற வாந்திபேதி நோய்க்கான தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று பாருங்கள், அந்த நோய் வந்தால் ஒரு வார டிரிப்ஸ் செலவு ஊசி விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். வெறிநோய்த் தடுப்பூசிக்கு அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி விசாரியுங்கள். பெண் நாய் 6 மாதத்திலிருந்தே ஹீட்டுக்கு வரலாம், வந்துவிட்டால் கருத்தடைக்கு மறுபடி இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜூலியின் தையல் பிரிக்கப் போகும் நாளில் குட்டியையும் தூக்கிக்கொண்டு போய், கருத்தடைக்கு நாள் கேட்டுக் குறித்து வாங்கி வந்துவிடுங்கள்.