கிரேக்கம் படிக்க சமஸ்கிருதம் கைகொடுக்குமா?

கேள்வி: கல்லூரியில் சமஸ்கிருதம் படித்தேன். இந்தோ-ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டுப் படிக்க ஆசை. லத்தீனுக்குத் தாய் கிரேக்கம் என்கிறார்களே, அதிலிருந்தே தொடங்கலாமா? பழைய கிரேக்கமா, இன்றைய கிரேக்கமா?

பதில்: பழைய கிரேக்கத்தில் தொடங்குங்கள். ஆனால் அது லத்தீனுக்குத் தாய் அல்ல. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் எழுத்தில் பதிவாகாத ஒரு மூலமொழியிலிருந்து பிரிந்தவை. கிரேக்கம் தனிக் கிளை. லத்தீன் கிரேக்கச் சொற்களை ஏராளமாகக் கடன் வாங்கியதால்தான் இந்த மயக்கம்.

உங்கள் சமஸ்கிருதம் வினைச்சொற்களில் பெரிதும் உதவும். 'சுமக்கிறேன்' என்பதற்கு சமஸ்கிருதத்தில் 'பராமி', கிரேக்கத்தில் 'பெரோ', லத்தீனில் 'ஃபெரோ'. முதல் மெய் சமஸ்கிருதத்தில் நான்காம் 'ப' (bh), பழைய கிரேக்கத்தில் இரண்டாம் 'ப' (ph). இறந்தகாலத்தில் 'அபரம்', 'எபெரோன்' என இரண்டிலும் முன்னால் ஓர் உயிர் ஒட்டும். லத்தீனில் இது கிடையாது. 'பார்த்திருக்கிறான்' என்ற பொருளில் சமஸ்கிருதம் 'ததர்ச' என்று முதலசை இரட்டிப்பதை 'தெதொர்கெ' என்ற கிரேக்க வடிவிலும் காண்பீர்கள். இந்த இடத்தில் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

உயிரெழுத்தில் மட்டும் சமஸ்கிருதத்தை நம்பாதீர்கள். மூலமொழியின் எ, ஒ, அ மூன்றும் அங்கே 'அ'வில் கலந்துவிட்டன. கிரேக்கம் அவற்றைப் பிரித்தே காத்தது. அதனால்தான் 'இருக்கிறது' என்று பொருள்படும் சமஸ்கிருத 'அஸ்தி'க்கு நேராகக் கிரேக்கத்தில் 'எஸ்தி' நிற்கிறது. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு தமிழில் வளர்ந்த காதுக்கு இயல்பானது; கிரேக்கமும் அவற்றைத் தனித்தனி எழுத்தாக வைத்திருக்கிறது.

ஒலி ஒத்த சொற்களைப் பட்டியலிடுவதுதான் தொடக்கநிலையில் பலர் விழும் பள்ளம். கடவுளைக் குறிக்கும் கிரேக்க 'தெயோஸ்', லத்தீன் 'தேயுஸ்' இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றும், உறவே இல்லை. 'தேயுஸ்' உறவு கொள்வது கிரேக்கரின் தலைமைக் கடவுள் ஜியுஸுடனும் வேதத்தின் வானக் கடவுள் 'த்யௌஸ்' உடனும்தான். சொல் முதலில் உயிருக்கு முன் வரும் 'ஸ' கிரேக்கத்தில் 'ஹ' ஆகும் என்பது போன்ற விதிகளைத் தேடுங்கள். 'ஏழு' என்பதற்கான சமஸ்கிருத 'ஸப்த', கிரேக்க 'ஹெப்த' அந்த விதிப்படி நிற்பவை. விதிக்குள் அடங்காத ஒற்றுமையை ஒதுக்கிவையுங்கள்.

1952-இல் ஆங்கிலேயரான மைக்கேல் வென்ட்ரிஸ் நேர்கோட்டு 'பி' (Linear B) என்ற பழைய எழுத்துமுறையைப் படித்தறிந்த பிறகு, கினோசோஸ், பைலோஸ் என்ற பழைய அரண்மனைகளில் கிடைத்த களிமண் பலகைகளால் கிரேக்கத்தின் பதிவு பொ.ஆ.மு. 14-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் சென்றது. இன்றைய கிரேக்கம் அதன் நேர் தொடர்ச்சி. ஆயினும் இரண்டைக் குறிக்கும் இருமை எண், 'செய்ய' என்பது போன்ற வினையெச்ச வடிவம் (infinitive), நான்காம் வேற்றுமை எல்லாம் அதில் உதிர்ந்துவிட்டன. ஒப்பிடுவதற்கு உங்களுக்கு வேண்டியவை அவைதாம். எனவே பொ.ஆ.மு. 5, 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் அட்டிக் வழக்கில் இலக்கணம் கற்று, பிறகு ஹோமரின் காவியங்களுக்குச் செல்லுங்கள்.

முதல் நாளிலிருந்தே கிரேக்க எழுத்தில் எழுதிப் பழகுங்கள். மூன்று வகை 'ப'வையும் தமிழ் எழுத்து ஒன்றாக்கிவிடும்.