கொண்டை வச்சதெல்லாம் சொந்தமா?

காட்பாடி ஆசிரியை: மயிலோட அறிவியல் பெயர் 'பாவோ கிரிஸ்டாட்டஸ்'னு வகுப்பில் சொன்னேன் சார். ஒரு பையன், "முள்ளம்பன்றியும் கிரிஸ்டாட்டாதானே மிஸ்"ங்கிறான். ரெண்டும் உறவா?

பதில்: பையன் கெட்டிக்காரன். ஆனால் அவன் சொல்வது ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருக்கும் முள்ளம்பன்றி. நம் ஜவ்வாது மலையில் முள்ளை உதிர்த்துவிட்டுப் போவது 'ஹிஸ்ட்ரிக்ஸ் இண்டிகா'. உறவெல்லாம் இல்லைம்மா. லத்தீனில் 'கிரிஸ்டா' என்றால் சேவல் கொண்டை; 'கிரிஸ்டாட்டஸ்', 'கிரிஸ்டாட்டா' என்றால் கொண்டையுள்ளது. உறவைச் சொல்வது முதல் சொல்தான், அதுதான் பேரினப் பெயர். இரண்டாவது, ஊரில் 'நெட்டை', 'கருப்பு' என்று அடைமொழி வைப்பது மாதிரி. ஆற்காட்டில் ஒரு நெட்டை இருந்தால் ஆரணியில் இன்னொரு நெட்டை இருக்கக் கூடாதா? ஒரே பேரினத்துக்குள் மட்டும் ஒரே பெயர் இரண்டு இனங்களுக்கு வரக் கூடாது.

மயில் கொண்டையைக் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஈர்க்குபோல் வெறும் தண்டு, நுனியில் மட்டும் குட்டி நீலப்பச்சை விசிறி. பெண்மயிலுக்கும் கொண்டை உண்டு.

வாலாஜா மாணவி: டஸ், டா ஏன் மாறுது?

பதில்: பேரினப் பெயர் ஆண்பாலா பெண்பாலா என்பதைப் பொறுத்தது. வட அமெரிக்காவில் மூக்கைச் சுற்றி 22 சதைவிரல்கள் கொண்ட ஓர் அகழெலி உண்டு. உயிரினங்களுக்கு இப்படி இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1758இல் அதற்கு வைத்தது 'சோரெக்ஸ் கிரிஸ்டாட்டஸ்'. பிறகு 'காண்டிலூரா' என்ற பெண்பால் பெயருள்ள பேரினத்துக்கு மாற்றியதும் 'கிரிஸ்டாட்டா' ஆகிவிட்டது.

குடியாத்தம் வாசகர்: குளிர்காலத்தில் வரும் பழுப்புக் கீச்சான் பறவையும் கிரிஸ்டாட்டஸ். எத்தனை போட்டோ எடுத்தும் கொண்டையைக் காணோமே?

பதில்: இருந்தால்தானே தெரியும்! 1747இல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர், வங்காளத்திலிருந்து வந்த பறவையைப் பார்த்து வரைந்து, 'கொண்டையுள்ள' என்று எழுதிவிட்டார். லின்னேயஸ் அதை நம்பிப் பெயர் வைத்தார். தப்பென்று தெரிந்தாலும், வைத்த பெயரை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

ராணிப்பேட்டை வாசகர்: அப்போ நம்ம கொண்டைக்குருவி?

பதில்: அதுக்கு நிஜமாகவே கொண்டை உண்டு, பெயரில்தான் இல்லை. 'பிக்னோனோட்டஸ் காஃபெர்'. 'காஃபெர்' என்பது தென்னாப்பிரிக்காவைக் குறிக்கும்; அந்த ஊர்ப் பறவை என்று நினைத்து வைத்தது. அங்கே அது கிடையவே கிடையாது.

ஆரணி விவசாயி: பேரை விடுங்க சார். விதைச்ச மல்லாட்டையை (நிலக்கடலை) மயில் கிளறித் தின்னுதே, என்ன பண்றது?

பதில்: விஷம் மட்டும் வேண்டாம் ஐயா. 1972 வனவுயிர்ச் சட்டத்தில் மயில் இருப்பது உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில், கொன்றால் ஜெயில்தான். முளைக்கிற வரைக்கும் காலையும் சாயந்திரமும் ஆள் நின்று ஓட்டுவதுதான் வழி. எங்கள் கொல்லையிலும் அதே கதைதான்.